சுபேதார் போட்ட சத்தம்

1924-ஆம் வருஷம் பென்ஷன் வாங்கிக்கொண்டு சுபேதார் சத்தியநேசன் கொல்லாவிளைக்கு வந்து சேர்ந்தபோது, ஊர்க்காரர்கள் மேளம் வைத்து வரவேற்றார்கள். அதுவே அவருக்குக் கோபம். "நான் என்ன மாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு மேளக்காரரைத் தாண்டி முன்னால் நடந்தார். வீடு வரைக்கும் ஒரே நடை. பின்னால் வந்தவர்கள் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோபம் பட்டாளத்தில் பிடித்தது இல்லை. அவர் பட்டாளத்துக்குப் போனதே அதனால்தான். அப்பா பனையேறி. ஒரு நாள் அப்பாவும் மகனும் பதனீர்க் குடத்தோடு வயல்வழியே வந்துகொண்டிருந்தார்கள். எதிரே ஒரு பெரிய வீட்டுக் காரியஸ்தன் குடை பிடித்து வந்தான். அவன் வாயே திறக்கவில்லை. அதற்குள் அப்பா வழியை விட்டுச் சேற்றில் இறங்கி, குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். காரியஸ்தன் மேல் கோபப்பட வேண்டிய பையனுக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது. யாரும் சொல்லாமலேயே எதற்கு இறங்கினாய் என்று கேட்டான். அப்பா குடத்தோடு வரப்பில் ஏறி முன்னால் நடந்தார். அடுத்த வாரமே சத்தியநேசன் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலி போய், அங்கிருந்து ரயிலேறிப் பெங்களூரில் இறங்கி, பயனியர் பட்டாளத்தில் பெயர் கொடுத்தான்.

ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் மண்வெட்டி, அதுதான் பயனியர். பட்டாளம் போகும் இடத்துக்கு முன்னாலேயே போய் ரோடு வெட்ட வேண்டும், பாலம் போட வேண்டும். சுட வந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுட வேண்டும். சத்தியநேசனுக்கு அது ஒத்துப்போயிற்று. நாயக் ஆனார், அவில்தார் ஆனார். ஜெர்மன் சண்டையில் மெசபடோமியாவுக்குக் கப்பலேறும்போது ஜமேதார். அங்கே டைகிரிஸ் ஆற்றில் குண்டு மழைக்கு நடுவே மிதவைப் பாலம் கட்டியதற்கு மெடல் கிடைத்தது. திரும்பி வரும்போது சுபேதார். வெள்ளைக்காரக் கர்னல் தன் கூடாரத்துக்கு அவரைக் கூப்பிட்டால் முதலில் நாற்காலியைக் காட்டுவார். அது சுபேதாருக்குள்ள உரிமை.

அப்படிப்பட்டவர், வாங்கின நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிப் போக்குவரவு செய்ய தாலுகா கச்சேரிக்குப் போனார். வாசலில் நின்ற சேவகன் அவருடைய காக்கிக் கோட்டைப் பார்த்தான், மெடலைப் பார்த்தான், பிறகு ஊரையும் அப்பன் பேரையும் கேட்டான். கேட்டு முடித்ததும், "நீரு அந்தப் படிக்கு அங்கோட்டு நில்லும். விளி வரும்" என்றான்.

"உள்ள பெஞ்சு கிடக்கே."

"அது உமக்குள்ளதில்ல."

சுபேதார் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த கச்சேரி நாளில், பாக்தாதிலிருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு போனார். தாசில்தாருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே மாமரத்தடியில் அதை விரித்துப்போட்டு, முதுகை நிமிர்த்தி, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். தாசில்தார் தலை நிமிர்ந்தால் சுபேதார் முகம்தான் தெரியும். சேவகர்கள் வந்து விரட்டினார்கள். "தொட்டுப் பாருலே" என்றார். தொட ஒருவனுக்கும் துணிவில்லை. சக்கரவர்த்தியின் பென்ஷன்காரரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் எங்கே போய் முடியுமோ என்று தாசில்தாருக்கும் யோசனை. வாரா வாரம் இப்படியே நடந்தது. மழைக்காலம் முழுக்க ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஜன்னலுக்கு எதிரே அந்த முகத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமலேயே தாசில்தார் காரியத்தை முடித்து, பத்திரத்தை ஆள் வசம் வீட்டுக்கே அனுப்பி வைத்தார்.

கொல்லாவிளை துள்ளிக் குதித்தது. சந்தையில், சலூனில், வேதக்கோயில் முற்றத்தில் இதே பேச்சு. அந்த வருஷமே அவரைச் சபைக் கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். தோப்பும் துரவும் உள்ள டீக்கன் ஜெயசிங், தன் மகன் சுந்தர்சிங்குக்குச் சுபேதார் மகள் ராஜபாயைக் கேட்டு வந்தார். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அப்போதுதான் ரசலையன் வந்தான்.

ரசலையன் சுபேதாருடைய கம்பெனியில் நாயக்காக இருந்தவன். அதே சபை. ஆனால் ஊர் தள்ளி வைத்திருந்த சாம்பவர் குடியிருப்பைச் சேர்ந்தவன். பட்டாளத்தில் இருவரும் ஒரே அடுப்புச் சோறு தின்றவர்கள். டைகிரிஸ் பாலத்தில் வடம் அறுந்து மிதவை ஓடப் பார்த்தபோது அதைக் கையில் சுற்றிப் பிடித்தவன் ரசலையன்தான். மிதவை நின்றது. இடது கையில் மூன்று விரல் போயிற்று. அந்தப் பாலத்துக்குத்தான் சத்தியநேசனுக்கு மெடல்.

முற்றத்தில் நின்றபடியே, 'நீங்க' என்பதை ஊர்ப்பேச்சில் 'நிய' என்று சொல்லி ரசலையன் பேசினான்.

"சாப், கச்சேரியில நிய நாற்காலி போட்டு இருந்த கதையை எங்க பிள்ளைகள் எல்லாம் பாட்டாவே பாடுது. வாற ஞாயித்துக்கிழம அறுப்புப் பண்டிகை. நம்ம கோயில்ல முன்பக்கம் உங்க ஆளுவளுக்குப் பெஞ்சு, பின்பக்கம் எங்களுக்குப் பாய். நான் இந்தத் தடவ பெஞ்சில இருக்கப் போறேன்."

"இரி. யாரு வேண்டாம்னா?"

"நிய கமிட்டித் தலைவரு. எனக்குவேண்டி ஒண்ணும் பேச வேண்டாம். என்னை எழுப்பாம இருந்தாப் போதும்."

"எவன் எழுப்புவான்? நான் இருக்கேன்லா?"

அந்த நேரத்தில் சுபேதார் மனைவி ராகேல் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். சுபேதாருக்கு வெண்கல டம்ளரில். ரசலையனுக்குத் தேங்காய்ச் சிரட்டையில். ரசலையன் சிரட்டையை வாங்கி, குடித்து, அதை வேலியோரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் சுபேதார் எழுந்தார். சிரட்டையை எடுத்துச் சுவரில் அடித்து நொறுக்கினார்.

"எனக்கப் பட்டாளத்து ஆளுக்குச் சிரட்டையாட்டி?"

ராகேல் பயந்தவள் இல்லை. கணவன் லீவுக்கு வந்து வந்து போன அத்தனை வருஷமும் நிலத்தை நட்டு அறுத்து, மகளை வளர்த்து, மாமனாரை அடக்கம் செய்தவள்.

"இஞ்ச பாருங்க. இந்த ஊரு எனக்கு என்ன சட்டம் போட்டுதோ அதைத்தான் நான் செய்யுதேன். நிய ஊரு விட்டுப் போன ஆளு. அந்த மனுசன் இந்த நடைக்கு வாறது இது எத்தனாவது மட்டம்? உள்ள வந்து இரின்னு ஒரு மட்டமாவது சொன்னியளா? இன்னைக்கும் வெயில்லதான நிப்பாட்டி வச்சுப் பேசினிய? நிய நாக்கைத் திறக்க மாட்டிய, ஏச்சு மட்டும் எனக்கு."

ரசலையன் நின்ற இடத்தைச் சுபேதார் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தார். அவள் சொன்னது அச்சு அசல் உண்மை. அப்பாவைச் சேற்றில் பார்த்த நாளில் வந்த அதே கோபம் வந்தது. இந்தத் தடவை அதைக் காட்ட ஆள் இல்லை. வெளியே போய் இருட்டும் வரை வாழைக்கு மண் வெட்டினார்.

அறுப்புப் பண்டிகை அன்று கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, நெற்கட்டு, தேங்காய்க் குவியல். காலைக் கட்டிப் போட்ட சேவல்கள். இரண்டாம் பாட்டின்போது ரசலையன் உள்ளே வந்தான். காக்கிக் கோட்டைத் துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தான். நேரே நடந்து மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் தீப்பட்டது போல நகர்ந்தார்கள்.

ஜெயசிங் எழுந்து வந்தார். "எழும்புலே."

ரசலையன் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவி கேக்கலியா? பாய் அங்க கிடக்கு."

முதல் பெஞ்சில் இருந்த சுபேதார் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. எழுந்திருக்கத்தான் நினைத்தார். அந்தச் சமயம் பெண்கள் பக்கத்தில் ராஜபாய் கண்ணில் பட்டாள். ஜெயசிங் சம்சாரத்துக்குப் பக்கத்தில், ஒரே பாட்டுப் புஸ்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடியட்டும், வெளியே வைத்து ஜெயசிங்கிடம் தன்மையாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. அவ்வளவுதான். அந்த எண்ணம் ஓடி முடிவதற்குள், ஜெயசிங் கண் காட்ட, இரண்டு தடியன்மார் வந்து ரசலையனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவன் பெஞ்சைப் பற்றினான். மூன்று விரல் இல்லாத கை. பிடி நிற்கவில்லை. இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஹால்ட்!"

பெங்களூர்ப் பரேடு மைதானத்தின் கடைசி வரிசை வரை கேட்ட குரல் அது. கோயிலின் ஓடு அதிர்ந்தது. பிள்ளைகள் வீரிட்டன. கட்டிப் போட்டிருந்த சேவல்கள் படபடத்துக் கத்தின. போதகர் கையிலிருந்த புஸ்தகம் கீழே விழுந்தது. தடியன்மார் கையை விட்டுவிட்டார்கள்தான். ஆனால் அதற்குள் ரசலையன் கோயில் நடையைத் தாண்டி வெளியே மணலில் கிடந்தான்.

சுபேதார் ஜெயசிங்கின் தோளில் கிடந்த நேரியலைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, கோயிலுக்குள் யாரும் பேசாத பேச்செல்லாம் பேசினார். பாதி இந்துஸ்தானி. நல்லவேளை, யாருக்கும் புரியவில்லை. போதகர் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லி ஆராதனையைப் பாதியில் முடித்தார்.

மத்தியானமே சுபேதார் ரசலையன் வீட்டுக்குப் போனார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ரசலையன் முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"ரசலையா, அந்த ஜெயசிங்கை நான் விடமாட்டேன்."

"ஜெயசிங்கை விடுங்க சாப். அவன் எப்பவும் உள்ளபடிதான் இருக்கான். நான் ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு ஆத்துல வடம் அறுந்தப்போ, கண்ணு இமைக்க முன்ன 'பிடி'ன்னு சத்தம் போட்டிய. எனக்க விரலு போற காரியத்துக்கு உங்களுக்கு யோசனையே வேண்டியிருக்கல்ல. இன்னைக்கு ஹால்ட்னு ஒரு வார்த்த சொல்ல எத்தன நேரம் வேண்டியிருந்துது?"

ரசலையன் மறுபடி முழங்கையில் எண்ணெய் தடவினான்.

"எல்லாம் கணக்கு நோக்கி முடிச்ச பொறவுதான் சத்தம் வந்துது. நான் மணல்ல கிடந்தாக்கும் அதைக் கேட்டேன். போங்க சாப்."

யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. கர்னல்கூட. கோபத்தில் காது சூடேறியது. திரும்பி நடந்தார். பாதி வழியில்தான் அந்தக் கோபம் யார் மேல் என்று அவருக்கே விளங்கியது.

மறுநாள் ஜெயசிங் கல்யாணத்தை முறித்துச் சொல்லி அனுப்பினார். சுபேதார் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். மகளைக் கூப்பிட்டு, "நமக்கு அந்தச் சம்பந்தம் வேண்டாம் மக்கா. அவனுவ மனுசனுவளே இல்ல" என்றார்.

ராஜபாய் அழவில்லை. "கல்யாணம் பேசினப்போ எங்கிட்டக் கேக்கல்ல. முறியும்போதும் கேக்கல்ல. உங்க ரெண்டு பேருக்கும் சண்ட போட நான் ஒரு வயல்வரப்பு அதிரா? நான் ஒண்ணு சொல்லுதேன், இதையாவது கேளுங்க. எனக்கு வாத்திச்சி வேலைக்குப் படிக்கணும்."

படிக்கப் போனாள். பிறகு குலசேகரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனக்குப் பிடித்த ஒருவரைத் தானே தேர்ந்து கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு அதைச் சொல்லி அனுப்பினாள், சம்மதம் கேட்கவில்லை.

ரசலையன் தன் தெரு முழுவதையும் கூட்டிக்கொண்டு சபையை விட்டு வெளியேறினான். ஓடைக்கரையில் துண்டு நிலம் வாங்கி, ஓலைக் கொட்டகை போட்டு, தாங்களாகவே ஜெபம் நடத்தினார்கள். இறந்தவர்களையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். சுபேதார் மரம் அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓலை அனுப்பினார், அதுவும் திரும்பி வந்தது.

சுபேதார் கமிட்டிப் பதவியைத் தூக்கியெறிந்தார். ஆனால் கோயிலை விடவில்லை. விட்டால் ஜெயசிங்குக்குச் சௌகரியமாகப் போகும். ஞாயிறுதோறும் முழு உடுப்பும் மெடலும் மாட்டிக்கொண்டு வந்து, பின்னால் ஆளில்லாமல் கிடந்த பாயில் தனியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பிடரி குறுகுறுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முதலில் குறுகுறுக்கத்தான் செய்தது. ஒரு வருஷத்தில் பழகிவிட்டார்கள். அதைவிட மோசம், பெருமைப்படத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் விரல் நீட்டிக் காட்டினார்கள்: "அது எங்க சுபேதாரு. பெரிய மெடல்காரரு. எத்தன தாழ்மை பாருங்க, தரையிலதான் இருப்பாரு." அதைக் கேட்ட அன்று சுபேதார் கஞ்சி குடிக்கவில்லை.

1933-இல் பயனியர் பட்டாளத்தையே கலைத்துவிட்டார்கள். செய்தி வந்த நாளில் பழைய மண்வெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். இனி அவரைத் தெரியும் என்று சொல்ல ஒரு ஆபீசும் இல்லை, ஒரு கர்னலும் இல்லை.

மூன்று வருஷம் கழித்துத் திருவிதாங்கூர் முழுதும் இந்துக் கோயில்களை எல்லா ஜாதிக்கும் திறந்துவிட மகாராஜாவின் பிரகடனம் வந்தது. ஊரெல்லாம் கூட்டம். கொல்லாவிளை வேதக்கோயில் முற்றத்திலும் பந்தல் போட்டு நன்றிக் கூட்டம் வைத்தார்கள். ஜெயசிங்தான் பேசினார். நரைத்திருந்தார், குரல் மட்டும் இளகவில்லை.

"இந்துக்கள் இன்னைக்குச் செய்ததை நாம நூறு வருஷம் முன்னமே செய்தாச்சு. இந்தச் சபையில் ஒரு காலத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்ததில்லை. வேறு சாட்சி என்னத்துக்கு? நம்ம சுபேதாரே ஞாயிறுதோறும் பாயில்தானே..."

"பொய்!"

கூட்டம் திரும்பியது. சுபேதார் எழுந்து நின்றார். இந்தத் தடவை யாரையும் தேடிப் பார்க்கவில்லை.

"பொய் சொல்லுதான். எனக்கு மெடல் வாங்கித் தந்த கையை இந்தக் கோயில் பெஞ்சிலிருந்து பிடுங்கி எடுத்து மணல்ல எறிஞ்சான். நான் பாத்துக்கிட்டிருந்தேன். நியளும் எல்லாரும் பாத்துக்கிட்டிருந்திய. கோயிலு திறந்தாச்சாம், மகாராஜாவுக்கு நன்றி சொல்ல வந்திருக்கான். ஓடைக்கரையில் ஓலைக்குள்ள இருக்கானுவளே, அவனுவகிட்டப் போய்ச் சொல்லுலே உனக்க நன்றியை!"

யாரோ அவர் தோளைத் தொட்டார்கள். தட்டிவிட்டார். ராகேல் பெண்கள் நடுவிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "வாருங்க, போவோம்" என்றாள். இருவரும் வெளியேறினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாயிலும் அவர் உட்காரவில்லை. ஊரில் ஒரு கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை.

1938 ஆடியில் நெஞ்சுச்சளி கட்டிப் படுத்தார். ராஜபாய் வந்து பக்கத்தில் இருந்தாள். கடைசியாகத் தெளிவோடு பேசியது ராகேலிடம். "என்னை ஓடைக்கரையில போடுங்க."

உயிர் போனதும் கமிட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஜெயசிங்கும் வந்தார். மனஸ்தாபமெல்லாம் பழைய கதை, சுபேதார் ஊருக்கே பெருமை, கல்லறைத் தோட்டத்தில் வாசல் பக்கமே முதல் வரிசையில் குழி வெட்டச் சொல்லியாயிற்று என்றார்.

"வெட்டின குழியை மூடிப் போடுங்க" என்றாள் ராகேல். "அவரு சொன்ன இடம் வேற."

"அம்மா, ஊரு என்ன நினைக்கும்?" என்றார் ஜெயசிங்.

"ஊரு நினைக்கதை எல்லாம் நினைச்சு நினைச்சுத்தான நான் சிரட்டையில காப்பி குடுத்தேன். இனி எனக்கு முடியாது. உங்க முதல் வரிசையை உங்களுக்கே வச்சிக்கிடுங்க. வழியை விடுங்க."

முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தாள். ராஜபாய் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஓடைக்கரையில் ரசலையன் கொட்டகைக்கு முன்னால் நின்றிருந்தான். சாவுச் செய்தி முன்பே வந்திருந்தது. அவன் கண் சிவந்திருந்தது. ஆனால் முதலில் வந்தது கோபம்தான்.

"சாப் இஞ்ச கிடக்கணும்னு சொன்னாராம். ஊரெல்லாம் பேசுது. இது எங்க நிலம். எங்க மண்ணுல ஒரு ஆளைக் கிடத்த, எங்ககிட்ட ஒருத்தனும் கேக்கல்ல."

"கேக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் ராகேல். "தருவியளா, மாட்டியளா?"

'நிய' என்று மதிக்கிற மரியாதையில் 'தருவியளா' என்று அவள் தன்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை என்பது ரசலையனுக்குத் தெரியும். பின்னால் கூடி நின்ற தெருக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். வயசான ஒரு பெண், பூங்கனி, "பிந்தி வந்தாலும் வந்தாருல்லா" என்றாள். இன்னொருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ரசலையன் அவனைத் தடுக்கவில்லை.

பிறகு கொட்டகைக்குள் போய், தன்னுடைய பட்டாளத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"வடக்கு ஓரம் பாறை. தெக்க வெட்டுவோம்" என்றான்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சுபேதாரைக் கொண்டுவந்தார்கள். ஜெயசிங் வீட்டார் வரவில்லை. போதகரும் வரவில்லை. ரசலையனே ஜெபம் பண்ணினான்.